மசாஜ் நிலையத்துக்கு முதலில் எதை வாங்குவது?

கேள்வி: நான் திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில் இருக்கிறேன். கேரளத்தில் ஓர் ஆயுர்வேத மருத்துவமனையில் ஏழு வருஷம் எண்ணெய்த் தேய்ப்பு, கிழி, தாரை எல்லாம் பார்த்தேன். மாமியாருக்கு முடியாமல் போனதால் ஊருக்கே வந்துவிட்டேன். வீட்டின் முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, சும்மாதான் கிடக்கிறது. பெண்களுக்கு மட்டும் மசாஜ் நிலையம் வைக்கலாம் என்றிருக்கிறேன். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. வெளியூர்க் கடை ஒன்றில் 'முழு செட்' என்று இரண்டு கட்டில், நீராவிப் பெட்டி, மசாஜ் நாற்காலி, மசாஜ் கன், புக்கிங் சாஃப்ட்வேர் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து எண்பதாயிரம் சொல்கிறார்கள். மீதிக்கு நகையை அடகு வைக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்குப் பயமாக இருக்கிறது. எது அவசியம், எதைத் தள்ளிப்போடலாம்? போர்டில் என்ன எழுதலாம், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? சொல்லுங்கள் அக்கா.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஆத்தூர்

பதில்: தங்கச்சி, நகை பெட்டியிலேயே இருக்கட்டும். உங்கள் பயம் நியாயமானது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தை இரண்டு வருஷத்தில் மீட்க மாதம் 11,667 ரூபாய் வேண்டும். வட்டி தனி. ஒரு முழு உடல் தேய்ப்புக்கு 500 ரூபாய் வாங்குகிறீர்கள் என்று வைப்போம். எண்ணெய், சலவை, கரண்ட் போக 350 ரூபாய் நின்றால், மாதம் 34 பேருக்குத் தேய்த்தால்தான் சாமான் விலையே தேறும். வீட்டுச் செலவுக்கு அதில் ஒரு ரூபாய் வராது. புதிதாகத் திறந்த ஒரு கிராமத்து நிலையத்துக்கு முதல் மாதமே 34 பேர் வருவார்கள் என்று நம்பி நகையை வைக்கக் கூடாது.

உங்கள் தொழிலின் முதல் உங்கள் கை. சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 வகை. அதில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதில் ஒன்பது முறை சொல்வார்கள். ஒன்பதும் கையால் செய்வது. 2019இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பிடித்த தாய்லாந்து மசாஜைப் பாருங்கள். தரையில் மெத்தை விரித்து, வழக்கமாக எண்ணெய்கூட இல்லாமல், கையாலும் முழங்கையாலும் காலாலும் செய்கிறார்கள். ஆகவே எந்தச் சாமானை வாங்கும்போதும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது வருகிறவர் உடம்புக்குப் பாதுகாப்பா? என் கையையும் இடுப்பையும் காப்பாற்றுமா? இரண்டுக்கும் இல்லை என்றால் இந்த வருஷம் வேண்டாம்.

இந்தக் கேள்விகளில் முதலில் தேறுவது கட்டில். ஒன்று போதும். நீங்கள் ஒரே ஆள். இரண்டாவது கட்டில் துணி மடித்து வைக்கத்தான் ஆகும். கேரளத்தில் பார்த்த எண்ணெய்த் தோணியும் இப்போது தேவையில்லை. பிழிச்சல் என்னும் எண்ணெய்ச் சிகிச்சைக்கு அது வேண்டும், ஆனால் கனம், விலை, எண்ணெய் வடிய வழி என்று பெரிய ஏற்பாடு கேட்கும். உள்ளூர் ஆசாரியிடம் நல்ல மரத்தில் சாதாரணக் கட்டில் அடிக்கச் சொல்லுங்கள். நீளம் ஆறடிக்குக் குறையக் கூடாது, அகலம் 28 முதல் 30 அங்குலம். அதைவிட அகலமானால் எட்டித் தேய்த்து உங்கள் முதுகு போய்விடும்.

உயரத்தைக் கடைக்காரர் தீர்மானிக்கக் கூடாது. வெறுங்காலோடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முட்டி பிடியுங்கள். விரல் முட்டி இருக்கும் மட்டத்தில் மெத்தையின் மேல்பரப்பு வர வேண்டும். மரச்சட்டத்தின் மேல்பரப்பை அளந்துவிட்டு மெத்தையை மறந்துவிடாதீர்கள். உயரம் கூடினால் தோளைத் தூக்கிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்துவீர்கள். சில வருஷத்தில் மணிக்கட்டு வலி வந்து உட்கார்ந்துகொள்ளும். சரியான உயரத்தில் உடம்பின் பாரமே முன்கை வழியாக இறங்கி வேலையைச் செய்யும். மெத்தை இரண்டரை அங்குலம், கெட்டியான ஃபோம். மேலுறை ரெக்சினில் நடுவே தையல் இருக்கக் கூடாது. தையல் வழியாக எண்ணெய் உள்ளே இறங்கினால் ஃபோம் சிக்கு வாடை அடிக்கும், அதை எந்த சோப்பும் போக்காது.

வீடுகளுக்கும் போய்த் தேய்ப்பதாக இருந்தால் மடக்குக் கட்டில் உதவும். ஆனால் வாங்கும் முன் விரித்து, நல்ல கனமான ஆளை அதில் படுக்கச் சொல்லி, ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கீழே குனிந்து கீல்களையும் கம்பி வடங்களையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கட்டிலோடு சேர்த்து, அடி அகன்ற ஒரு படி ஸ்டூல் கட்டாயம். உங்களிடம் வரப்போகிறவர்களில் பாதிப்பேர் முட்டிவலிக்காரப் பெரியவர்களாக இருப்பார்கள். இந்தத் தொழிலில் நான் மிகவும் அஞ்சுவது வழுக்கலுக்குத்தான். எண்ணெய்க் காலோடு இறங்கி டைல்ஸில் கால் வைத்த மாத்திரத்தில் இடுப்பு எலும்பு முறியும். இறங்கும் இடத்தில் தடிப்பான பருத்தி விரிப்பு, இறங்குமுன் பாதத்தைத் துடைப்பது, குளியலறையில் சொரசொரப்பான தளம், சுவரில் பிடிக்கக் கம்பி. மசாஜ் நாற்காலிக்கு வைத்த பணத்தில் இவை எல்லாம் முடிந்து மிச்சமும் இருக்கும்.

துணிக்கு வருவோம். தடித்த டர்க்கி டவல் பார்க்க அழகு. எண்ணெயைக் குடித்துவிட்டு விடாது, காயவும் நாளாகும். ஈரிழைத் துண்டு வாங்குங்கள். பக்கத்தில் கரூர் இருக்கிறது. படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் ஏற்றுமதி ஆகும் ஊர். ஆளுக்கு ஒரு விரிப்பு, இரண்டு துண்டு என்று ஒரு நாளைக்கு நான்கு பேர், சலவைக்கு ஒரு நாள் இடைவெளி என்று எண்ணி, பத்து விரிப்பும் இருபது துண்டும் இருந்தால் தொடங்கலாம். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, எண்ணெய் போகாது. சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். எண்ணெய்த் துணியை மூட்டையாகக் குவித்து மூலையில் போடக் கூடாது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து உள்ளேயே சூடேறித் தானாகப் பற்றிக்கொள்வது உண்டு. வெளிநாட்டு சலூன்களிலும் ஸ்பாக்களிலும் இதனால் தீ விபத்துகள் நடந்திருக்கின்றன. அன்றைய துணியை அன்றே அலசி வெயிலில் விரித்துக் காயப்போடுங்கள். நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்!

எண்ணெய் விஷயத்தில் உங்களுக்கு நான் சொல்லித்தர அதிகமில்லை. வாங்கும் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெறும் தேய்ப்புக்கு நம்பகமான செக்கு நல்லெண்ணெய் போதும். தேங்காயெண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும், மார்கழிக் காலையில் கல்லாக நிற்கும். தைலம் தேவை என்றால் லேபிளில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் இருப்பதைத்தான் தொட வேண்டும். சென்னையில் 1944 முதல் இயங்கும் வைத்தியர்களின் கூட்டுறவு நிறுவனமான இம்ப்காப்ஸ், தமிழக அரசின் டாம்ப்கால் ஆகியவற்றின் தைலங்கள் கிடைக்கின்றன. உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே காந்திகிராமத்தில் லட்சுமி சேவா சங்கம் சித்த, ஆயுர்வேத மருந்துகள் தயாரிக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தின் கிளை அது. ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அரை லிட்டர் அளவில் வாங்குங்கள். பெரிய டின் விலை குறைவுதான். கோடையில் முன்னறைச் சூட்டில் சிக்கு பிடித்தால் அந்த லாபமும் போச்சு. நீங்களே காய்ச்சிய எண்ணெயைப் புட்டியில் அடைத்து மருந்துத் தைலம் என்று விற்காதீர்கள். அதற்கு உரிமம் வேண்டும்.

சூடாக்குவதற்கு இண்டக்‌ஷன் அடுப்பு, அகலப் பாத்திரத்தில் வெந்நீர், அதற்குள் எண்ணெய்க் கிண்ணம். நேரடித் தீயில் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே அடுத்தவர் உடம்பில். சர்க்கரை வியாதி முற்றியவர்களுக்குப் பாதம் மரத்திருக்கும். "சூடு தாங்குதாம்மா?" என்று கேட்டால் "தாங்குது" என்பார்கள், மறுநாள் கொப்புளத்தோடு வருவார்கள். அவர்கள் சொல்லை நம்பாமல் உங்கள் மணிக்கட்டை நம்புங்கள். அறையில் 30 மில்லியாம்ப் கசிவு மின் துண்டிப்பான் ஒன்றை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்துங்கள், ஒரு சிறிய தீயணைப்பானும் வையுங்கள்.

நீராவிப் பெட்டியும் மசாஜ் கன்னும் தள்ளிப்போட வேண்டியவை. நீராவியில் இரத்த அழுத்தக்காரர், இதய நோயாளி, கர்ப்பிணி யாரையும் உட்கார வைக்க முடியாது. உங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் அவர்களைக் கழித்துவிட்டு மிச்சம் எத்தனை பேர் என்று பாருங்கள். ஒத்தடத்துக்கு நொச்சி இலை வேலியோரம் கிடைக்கிறது. ஒருவருக்குக் கட்டிய கிழியை அடுத்தவருக்கு எடுக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

இனி, கடைக்காரர் பட்டியலில் இல்லாத ஒரு சாமான்: நாற்பது ரூபாய் நீளநோட்டு. முதல் முறை வருகிறவரை உட்கார வைத்து, தொடுவதற்கு முன் எழுதுங்கள். வயது, சர்க்கரை, பிரஷர், இதயம், சமீபத்தில் ஆபரேஷன், கர்ப்பம், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எள்ளோ வேறு எதுவோ ஒவ்வாமை. அதன் கீழே "இன்று எங்கே வலி, எப்போதிருந்து" என்று ஒரு வரி. காய்ச்சல், தோலில் தொற்று, புதிய எலும்பு முறிவு என்றால் அன்றைக்குத் தேய்ப்பு கிடையாது. ஒற்றைக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சுடுகிறது என்றால் தேய்க்கவே கூடாது. ஆழ்நாளத்தில் இரத்தக்கட்டி இருக்கலாம். தேய்த்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கும். காசு வாங்காமல் நேரே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்தான் பிறகு ஊர் முழுக்க உங்களைப் பற்றிச் சொல்வார். நோட்டைப் பூட்டுள்ள டிராயரில் வையுங்கள். ஒருவர் உடம்பைப் பற்றி எழுதியது இன்னொருவர் கண்ணில் படக் கூடாது.

புக்கிங் சாஃப்ட்வேருக்குப் பணம் வேண்டாம். தனி சிம் ஒன்று வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள், இலவசம். கட்டண விவரம், நேரம், "இப்போது வேலையில் இருக்கிறேன், மாலையில் கூப்பிடுகிறேன்" என்ற தானியங்கிப் பதில் எல்லாம் அதிலேயே வைக்கலாம். பெண்களுக்கு மட்டும் என்பதை முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். பொருத்தமில்லாத அழைப்புகள் வரத்தான் செய்யும், பதில் சொல்லாமல் தடுத்துவிடுங்கள். சொந்த எண்ணை எங்கும் கொடுக்காதீர்கள். ஒரு மணி நேரத் தேய்ப்புக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அறை துடைக்க, விரிப்பு மாற்ற, நீங்கள் தண்ணீர் குடிக்க அந்த அரை மணி வேண்டும். நாளைக்கு நான்கு முழுத் தேய்ப்புக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

போர்டு விஷயம். 'பக்கவாதம், வாதம், உடல் பருமன் குணமாகும்' என்று எழுதாதீர்கள். 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரண விளம்பரச் சட்டம் அப்படி விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலே வைத்திருக்கிறது. நான் சொன்ன மூன்றும் அதில் உண்டு. நோய்க்குச் சிகிச்சை தருவதாகச் சொன்னால் 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவும், பதிவு பெற்ற மருத்துவரும் வேண்டும். 'பெண்களுக்கான எண்ணெய்த் தேய்ப்பு, உடல் அலுப்பு நீக்கம்' என்று எழுதுங்கள், போதும். ஊராட்சி அலுவலகத்தில் தொழில் உரிமம் பற்றி எழுத்து மூலம் கேளுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் நிலையத்தின் பெயர், நேரம், பெண்களுக்கு மட்டும் என்ற விவரத்தோடு ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்குக் காசு கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். ஜிஎஸ்டி பதிவு, சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான்.

கேரளத்தில் வேலை பார்த்ததற்குச் சான்றிதழ் கையில் இல்லை என்றால், முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு அழகு மற்றும் நலத் துறைத் திறன் கவுன்சிலில் இருக்கிறது. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். சுவரில் மாட்ட அது ஒன்று இருப்பது நல்லது.

பணத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டிலும் ஸ்டூலும் 15 ஆயிரத்துக்குள், துணி 8 ஆயிரம், எண்ணெய் 6 ஆயிரம், வெந்நீரும் மின்வேலையும் 12 ஆயிரம், தளம், கைகழுவும் தொட்டி, திரைச்சீலை 12 ஆயிரம், பாத்திரம், குப்பைத்தொட்டி, தீயணைப்பான் எல்லாம் 7 ஆயிரம். ஆக 60 ஆயிரம். மீதி 90 ஆயிரம் வங்கியில் இருக்கட்டும். வாடகை இல்லாத இடம் உங்களுடையது. அந்தப் பணம் ஆறு மாதம் பதற்றமில்லாமல் உங்களை நிற்க வைக்கும். பிறகு ஏதாவது வாங்கத் தோன்றினால் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50 ஆயிரம் வரை அடமானமில்லாமல் வங்கியில் கேட்கலாம். நகைக்கடன் அதற்கும் பின்னால்தான். வீட்டுக்காரரிடம் மேலே உள்ள 34 பேர் கணக்கைக் காட்டுங்கள்.

கேள்வி: மசாஜ் நிலையங்களில் சிசிடிவி கட்டாயம் என்கிறார்கள். எங்கள் பியூட்டி பார்லரில் தலை, தோள் மசாஜ் மட்டும் செய்கிறோம். உள் அறையிலும் கேமரா மாட்ட வேண்டுமா?
— வாசகி, சின்னாளபட்டி

பதில்: உள் அறையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி ஸ்பா, மசாஜ் நிலையங்களில் கேமரா பொருத்த உத்தரவிட்டார். அடுத்த மாதமே, 2022 ஜனவரியில், மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அது தனியுரிமையைப் பாதிக்கும் என்று தீர்ப்பளித்தார். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னதுதான் அதற்கு ஆதாரம். வாசலிலும் பணம் வாங்கும் மேஜை அருகிலும் ஒரு கேமரா இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு. அதில் உள் அறைக் கதவுத் திறப்பு விழாமல் கோணம் வையுங்கள். உடை மாற்றும் பெண்ணைப் படம் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பழைய செல்போன்களைக்கூட அந்த அறையில் சார்ஜ் போடாதீர்கள்.

கேள்வி: தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு ஒட்டன்சத்திரம் சாலையில் நண்பர்கள் சேர்ந்து கால் பிடித்துவிடுகிறோம். இந்த வருஷம் மசாஜ் கன் இரண்டு வாங்கலாமா?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: நல்ல காரியம் செய்கிறீர்கள் தம்பி. கன்னுக்கு வைத்த பணத்தில் பிளாஸ்டிக் தொட்டிகளும் துண்டுகளும் வாங்குங்கள். நடந்து வருகிறவருக்கு முதலில் வேண்டியது கால் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், அதுவும் ஆளுக்குப் புதுத் தண்ணீர். ஒரே தொட்டியில் பத்துப் பேர் கால் வைத்தால் சேற்றுப்புண் பத்துப் பேருக்கும் போகும். கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாக மெதுவாகப் பிடித்துவிடுங்கள். புடைத்த நரம்புச் சுருள் மேல் அழுத்தக் கூடாது. கொப்புளத்தை உடைக்காமல் மூடிக் கட்டுங்கள். முடிந்ததும் உள்ளங்கால் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பாதத்தோடு தார்ச்சாலையில் நடந்தால் வழுக்கும், தோல் ஊறி இன்னும் கொப்பளிக்கும். சர்க்கரை உள்ளவரா என்று கேட்டுவிட்டு, ஆம் என்றால் பாதத்தின் அடியை டார்ச் அடித்துப் பாருங்கள். முள்ளோ கண்ணாடியோ குத்தியிருப்பது அவருக்கே தெரியாமல் இருக்கும்.

கேள்வி: பிரசவம் ஆன வீடுகளுக்குப் போய்க் குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறேன். என் அம்மாவும் இதே வேலைதான் பார்த்தார். என்னென்ன சாமான் கொண்டுபோக வேண்டும்?
— வாசகி, நிலக்கோட்டை

பதில்: எதையும் கொண்டுபோகாதீர்கள் என்பதே என் யோசனை. எண்ணெய், துண்டு, பாத்திரம் எல்லாம் அந்தந்த வீட்டினுடையதாக இருக்கட்டும். ஒரு வீட்டுச் சளியை இன்னொரு வீட்டுக்குச் சுமக்க மாட்டீர்கள். உங்கள் பையில் நகவெட்டி, சோப்பு, ஒரு தெர்மாமீட்டர் போதும். போனதும் வளையல், மோதிரத்தைக் கழற்றி முழங்கை வரை கழுவுங்கள். குழந்தைக்கு உடம்பு சுட்டால் அன்று எண்ணெயும் இல்லை, குளியலும் இல்லை. டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதையும், காதில் எண்ணெய் விடுவதையும், தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பதையும் விட்டுவிட வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரும். வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்தினால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸிடம் கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். அந்த நர்ஸிடம் உங்கள் பெயரையும் போன் எண்ணையும் கொடுத்து வையுங்கள். சந்தேகம் வந்த நேரத்தில் நீங்கள் கூப்பிட ஓர் ஆள் வேண்டும், புதிதாகப் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு உங்களைச் சொல்லவும் அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.